வகுப்பில் புரிந்தது, தேர்வில் வரவில்லை



பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் நம் இதழ் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே சங்கதிதான். இந்தக் கட்-ஆஃபுக்கு இசிஇ கிடைக்குமா, பெயர் பெற்ற கல்லூரியில் மெக்கானிக்கலா, சுமாரான கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸா, போன வருடம் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, விடுதிச் சாப்பாடு எப்படி, காலேஜ் பஸ் எங்கள் ஊர் வழியாக வருமா. பெற்றவர்கள் கேட்க வேண்டியவைதான் எல்லாமே. ஒன்றைத்தான் யாரும் கேட்பதில்லை: அங்கே பாடம் எப்படி நடத்துகிறார்கள்? வகுப்பில் என் பிள்ளை என்ன செய்துகொண்டிருப்பான்?

இதையெல்லாமா கேட்பார்கள் என்று தோன்றலாம். என்ன செய்வான், உட்கார்ந்து கவனிப்பான், எழுதிக்கொள்வான், வகுப்பென்றால் அதுதானே! அதுதானா என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த வீடுகளில் தவறாமல் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "கிளாஸ்ல நடத்தும்போது நல்லாத்தாம்ப்பா புரிஞ்சுது. கொஸ்டின் பேப்பரைப் பார்த்தா ஒண்ணும் வரலை." அப்பாவுக்குக் கோபம் வரும், ஃபோனைப் பிடுங்கி வைப்பார். ப்ளஸ் டூவில் கணக்கில் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளைக்கு எம்-ஒன்னில் அரியர் என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை என்பது என் கட்சி. வகுப்பில் புரிந்த மாதிரி இருந்ததும் நிஜம், தேர்வில் வராததும் நிஜம். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பது பிடிபட, ஹார்வர்டில் ஒரு பேராசிரியருக்கே ஆறு ஆண்டுகள் போல ஆயிற்று.

எரிக் மாஸூர், நெதர்லாந்துக்காரர். 1984 முதல் ஹார்வர்டில் இயற்பியல் நடத்தி வந்தார். எதிரே இருந்தவர்களில் பலர் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போகிறவர்கள். தெளிவான விரிவுரை, கண்ணைக் கவரும் செய்முறைகள். பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மதிப்பெண்ணில் ஐந்துக்கு நாலரை வாங்குவார். கடினமான கணக்குகளையும் மாணவர்கள் போட்டுவிடுவார்கள். உலகத்திலேயே சிறந்த இயற்பியல் வாத்தியார் தான்தான் என்று அப்போது நினைத்திருந்ததாக அவரே பிற்பாடு மேடைகளில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

அந்த நினைப்பை அசைத்தது ஒரு கட்டுரை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெஸ்டினஸும் இப்ராஹிம் ஹலூனும் சூத்திரமே தேவைப்படாத எளிய கேள்விகளைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்து 1985இல் எழுதியது. ஒரு கனத்த லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதினால் எது எதன்மேல் அதிக விசையைச் செலுத்தும் என்பது போன்ற கேள்விகள். நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் கேட்டாலும் நம் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். ஆனால் அப்பளமாக நொறுங்குவது கார் என்பதால், லாரிதான் அதிகமாக இடித்தது என்று மனசு அடித்துச் சொல்லும். விசை இரண்டு பக்கமும் சமம். ஒரு பருவம் முழுக்கப் பாடம் கேட்ட பிறகும் மாணவர்கள் தங்கள் பழைய எண்ணத்தைவிட்டு அதிகம் நகரவில்லை என்று அந்தக் கட்டுரை சொன்னது.

என் மாணவர்கள் அப்படி இல்லை என்று மாஸூர் நினைத்தார். அந்த மாதிரி கேள்வித்தாளை நீட்டியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாராம்: நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதவா, நான் வழக்கமாக யோசிக்கிறபடி எழுதவா என்று. ஆசிரியராக இருக்கும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு நிமிடம் நின்றுதான் நகர வேண்டும். தேர்வுக்கு ஒரு பதில், தனக்கு ஒரு பதில். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே ஒருவர் பட்டம் வாங்கிவிடலாம்.

விடைத்தாள்களைப் பார்த்துவிட்டு மாஸூர் பலகையில் விளக்கினார். புரியாத முகங்கள். வேறு விதமாக விளக்கினார். இன்னும் குழம்பிய முகங்கள். கடைசியில் வேறு வழி தெரியாமல், பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். அரங்கம் சந்தைக்கடை ஆயிற்று. சில நிமிடங்களில், அவரால் ஏற்ற முடியாததைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஏற்றிவிட்டிருந்தார்கள். நேற்றுதான் புரிந்துகொண்டவனுக்கு எங்கே இடறும் என்று நினைவிருக்கும். முப்பது வருடத்துக்கு முன்னால் புரிந்துகொண்ட பேராசிரியருக்கு அது மறந்து போயிருக்கும். 1991 முதல் அவர் தன் வகுப்பையே இப்படி மாற்றிக்கொண்டார். 1997இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

நம் ஊர் வகுப்பு ஒன்றில் இது எப்படி நடக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். முதலாண்டு எலெக்ட்ரிக்கல் பாடம். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று, 100 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று. இரண்டையும் தொடர் இணைப்பில் வீட்டு மின்சாரத்தில் போடுகிறோம். எது பிரகாசமாக எரியும்? பிள்ளைகள் முதலில் வாய் திறக்காமல் தனியாக யோசிக்க வேண்டும், பிறகு கை தூக்க வேண்டும். பெரும்பாலோர் 100 என்பார்கள், கடைக்காரரே அப்படித்தான் சொல்லுவார். ஆசிரியர் விடையைச் சொல்வதில்லை. உன் பதிலுக்கு மாறான பதில் சொன்னவனைத் தேடிப் பிடித்து வாதாடு என்கிறார். "டேய், சீரிஸ்ல கரன்ட் ஒண்ணுதானே?" "ஆமா, அப்ப ரெசிஸ்டன்ஸ் எதுக்கு ஜாஸ்தியோ அதுலதானே பவர்?" "100 வாட்ஸுக்குத்தானே ஜாஸ்தி?" "எப்படிடா? வி ஸ்கொயர் பை பி போட்டுப் பாரு." 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 60 வாட்ஸ் பல்புக்கு ஏறத்தாழ 880 ஓம், 100 வாட்ஸ் பல்புக்கு 530 ஓம். மறுபடி கை தூக்கச் சொன்னால் கணிசமான கைகள் 60க்கு மாறியிருக்கும். சார், இழை சூடாகாவிட்டால் மின்தடையே மாறுமே, இந்தக் கணக்கு எப்படிச் சரி என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டானானால், அவனை நல்ல இடத்தில் சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதற்கு மாஸூர் வைத்திருக்கும் நடைமுறை ரொம்ப எளிது. முதல் தடவை முப்பது சதவீதத்துக்கும் எழுபதுக்கும் இடையில் சரியான கைகள் வந்தால் பேச விடு. அதற்குக் கீழே என்றால் இன்னும் கொஞ்சம் நடத்து. மேலே என்றால் அடுத்ததற்குப் போ. தெரிந்தவன் சொல்ல, தெரியாதவன் ஒத்துக்கொள்கிறான், அவ்வளவுதானே என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித்தும் குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொல்கிறது. ஆரம்பத்தில் ஒருவருக்குமே விடை தெரியாத குழுக்களிலும், பேசிய பிறகு சரியான பதில்கள் கூடியிருந்தன.

விரிவுரையை ஒரேயடியாகத் தள்ளுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நல்ல விரிவுரையாளரைக் கேட்பது ஒரு சுகம். ஆனால் சிக்கலே அந்தச் சுகத்தில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை இழுப்பதை நின்று பார்த்தால், இவ்வளவுதானா என்று தோன்றும். மாவை நம் கையில் எடுத்தால் இரண்டாவது வளைவிலேயே கோடு வழி தவறும். 2019இல் ஹார்வர்டிலேயே லூயி டெலோரியே குழுவினர் இதைச் சோதித்தார்கள். மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு வகுப்பில் நிலையியல், இன்னொன்றில் பாய்மங்கள். ஒரு பிரிவுக்கு முதல் தலைப்பு வழுவழுப்பான விரிவுரையாக, மற்றப் பிரிவுக்கு அதே தலைப்பு தாங்களே போட்டுப் பார்க்கும் வகுப்பாக. அடுத்த தலைப்பில் இடம் மாற்றிக்கொண்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே பாடத்தாள்கள்தான். வகுப்பு முடிந்ததும் வைத்த தேர்வில், தாங்களே திணறிப் போட்டவர்கள் அதிகம் வாங்கினார்கள். எங்கே அதிகம் கற்றுக்கொண்டதாக உணர்ந்தீர்கள் என்று கேட்டதற்கோ, விரிவுரையைத்தான் கை காட்டினார்கள்.

திணறுவதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறோம், தடையில்லாமல் காதில் விழுவதைப் புரிதல் என்று நம்புகிறோம். "அந்த மேடம் ஒண்ணும் நடத்த மாட்டாங்க, எங்களையே பண்ணச் சொல்லுவாங்க" என்று உங்கள் பெண் வீட்டுக்கு வந்து குறை சொன்னால், முதல்வருக்குப் புகார் எழுதும் முன் ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டுமே உள்ள வகுப்புகளில் நூற்றுக்கு 33.8 பேர் தோற்றார்கள். பிள்ளைகளை வேலை வாங்கும் வகுப்புகளில் 21.8.

இனி, பாடத்தை வீட்டிலேயே பார்த்துவிட்டு வந்து வகுப்பில் பயிற்சி செய்யும் ஃப்ளிப்டு கிளாஸ்ரூம், அதாவது தலைகீழ் வகுப்பு. இரண்டாயிரத்துக்குப் பின் வந்த புது நாகரிகம் என்று நினைக்கிறார்கள். கொலராடோவின் உட்லண்ட் பார்க் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஏரன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள், விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்காக 2007இல் பாடத்தைப் பதிவு செய்யத் தொடங்கியதைத்தான் எல்லாரும் சொல்லுவார்கள். அதற்கும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னே போகலாம். அமெரிக்காவின் முதல் பொறியியல் கல்விக்கூடம் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி. 1817 முதல் 1833 வரை அதன் தலைவராக இருந்தவர் சில்வேனஸ் தேயர். பாடத்தை மாணவன் முந்தின இரவே தானே படித்துக்கொண்டு வர வேண்டும், வகுப்பில் கரும்பலகைக்குப் போய்க் கணக்கைப் போட்டு விளக்க வேண்டும், ஆசிரியர் தப்பைப் பிடிப்பார். இதுதான் அவர் வைத்த ஏற்பாடு. வீடியோவுக்கு அப்போது எங்கே போவது? புத்தகம் போதுமானதாக இருந்தது.

வீடியோ இதில் ஒரு கருவிதான். பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் ஜென்சன் குழுவினர் 2015இல் ஒப்பிட்டார்கள்: ஒரு வகுப்பு தலைகீழாக்கப்பட்டது, இன்னொன்று வழக்கமான வரிசையில் நடந்தது. இரண்டிலும் மாணவர்களே செய்து கற்கும் பயிற்சிகள் இருந்தன. தேர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. பலன் வகுப்பு நேரத்தில் நடப்பதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

இங்கேதான் நம் கல்லூரிகள் பலவும் சறுக்குகின்றன. ராத்திரி பத்து மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஐம்பது நிமிட என்பிடெல் இணைப்பு ஒன்று வந்து விழும். மறுநாள் இரண்டாவது ஹவரில் அதே பாடம் பிபிடியாக ஓடும், இடையில் நாலு நாற்காலியை வட்டமாகப் போட்டு ஜியோடேக் உள்ள புகைப்படம் ஒன்று எடுக்கப்படும். கோர்ஸ் ஃபைலில் 'ஃப்ளிப்டு கிளாஸ் நடத்தப்பட்டது' என்று ஏறிவிடும். அங்கீகாரக் குழு வந்தால் காட்டக் காகிதம் இருக்கிறது. என்பிடெல்லைக் குறை சொல்லவில்லை. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய அந்தத் திட்டம், மாவட்டத் தலைநகரத்துக் கல்லூரி மாணவன் சென்னை ஐஐடி பேராசிரியரிடம் காசில்லாமல் பாடம் கேட்கும்படி செய்தது சாதாரண விஷயமா? ஆனால் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஃபிலிப் குவோ குழுவினர் 2014இல் அலசியபோது, ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பார்ப்பவர் கவனம் நழுவுகிறது என்று கண்டார்கள். ஆறு நிமிடம் பேசி, வகுப்புக்கு மூன்று நல்ல கேள்வியோடு வரும் ஆசிரியர் போதும். கேமராவுக்கும் ஸ்மார்ட் போர்டுக்கும் செலவழிக்கிற காசில், நல்ல கேள்வி தயாரிக்க அந்த ஆசிரியருக்கு வாரத்தில் இரண்டு ஹவர் ஓய்வு கொடுத்தால் கோடி புண்ணியம்.

அறுபது பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். மும்பை ஐஐடியில் முதலாண்டு கம்ப்யூட்டர் புரோகிராமிங் வகுப்பில் நானூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். தனியாக எழுது, பக்கத்தவனோடு சரிபார், பிறகு எல்லாரோடும் பேசு என்ற முறையை சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் குழுவினர் அங்கே ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். கவனித்துக் குறித்ததில் 83 சதவீத மாணவர்கள் வேலையில் ஈடுபட்டிருந்தார்கள். அறுபது பேர் என்பது ஒரு சாக்கே இல்லை.

நம் ஊருக்கென்று இதில் ஒரு கூடுதல் லாபம் இருப்பதாக நினைக்கிறேன். தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதலாண்டில் ஊமையாகிவிடுகிறது. சந்தேகம் இருக்கும், அதை ஆங்கிலத்தில் எழுந்து கேட்க வாய் வராது. பக்கத்தில் இருப்பவனோடு பேசு என்று ஆசிரியர் சொன்ன அடுத்த நொடி வகுப்பில் தமிழ் புகுந்துவிடும். மேலே அந்த பல்புச் சண்டை நடந்த மொழியைப் பாருங்கள். ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெய்ன், டார்க் எல்லாம் அப்படியே இருக்கும், 'ஏன்' மட்டும் தமிழில் இருக்கும். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ் வழியில் தொடங்கியது. அது ஒரு வழி. ஆங்கில வழி வகுப்புக்குள்ளேயே பத்து நிமிடம் தமிழில் வாதாட விடுவது, எந்த அரசாணையும் தேவைப்படாத இன்னொரு வழி. அமெரிக்காவில் பின்தங்கிய சமூகங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி, இத்தகைய வகுப்புகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2020இல் தியோபால்டு குழுவினரின் தொகுப்பாய்வு சொல்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டை 2021இல் பொறியியலுக்கும் கொண்டுவந்தோம். கதவைத் திறந்துவிட்டோம், சரி. உள்ளே வந்த பிள்ளை வாய் திறக்க இடம் வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால் நமக்கு இது அந்நியமே அல்ல. கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நிலஅளவைப் பள்ளி. வெயிலில் நின்று சங்கிலி பிடித்துக் கற்ற படிப்பு அது. இன்றும் சிவில் மாணவர்கள் சர்வே கேம்ப் கதைகளை ஓய்வு பெறும்வரை சொல்கிறார்கள். செயல்வழிக் கற்றல் என்ற பெயரிலேயே 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுபோன ஊர் நம்முடையது. மூன்றாம் வகுப்பில் அட்டையை எடுத்துத் தரையில் உட்கார்ந்து தானே செய்து படித்த குழந்தையை, பதினெட்டு வயதில் பெஞ்சில் உட்காரவைத்துக் கைகட்டி எழுதச் சொல்கிறோம்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேள்வித்தாள் மாறாமல் வகுப்பு மாறாது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் முன்பு பத்து டூ மார்க், ஐந்து பதினாறு மார்க். 2017 ஒழுங்குமுறையில் அந்தப் பதினாறு பதின்மூன்றும் பதினைந்தும் ஆயிற்று. ஆனாலும் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் 'விடையோடு டூ மார்க்' கட்டு விற்பது நின்றதா? மனப்பாடம் செய்து தேறிவிடலாம் என்றால், பல்புச் சண்டை போட எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்? 2021 ஒழுங்குமுறை அகமதிப்பீட்டை 40 ஆக்கியது ஒரு நல்ல வாய்ப்பு. அந்த நாற்பதை மாதிரித் தேர்வுக்கும் அசைன்மென்ட் நகலெடுப்புக்கும் கொடுத்துவிடாமல், வகுப்பில் யோசித்ததற்குக் கொடுக்கும் துணிவு துறைத்தலைவர்களுக்கு வர வேண்டும். குறைந்த சம்பளம், அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலை, மாலை வரை கோப்புகள், இவ்வளவுக்கும் நடுவில் புது முயற்சி செய்யும் இளம் உதவிப் பேராசிரியர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். மாணவர் கருத்துப் படிவத்தில் அவர்களுக்குத்தான் குறைந்த மதிப்பெண் விழும். ஏன் என்று டெலோரியே ஆய்வு சொல்லிவிட்டது. அந்தப் படிவத்தை வைத்துச் சம்பள உயர்வை முடிவு செய்யும் நிர்வாகத்தினர் அதை ஒரு தடவை படிக்கலாம்.

கலந்தாய்வுக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கட்டடத்தையும் நுழைவாயில் பேனரையும் பார்த்துவிட்டு, கேன்டீனில் இருக்கும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் இருவரைத் தனியாகப் பிடியுங்கள். போன வாரம் வகுப்பில் நீ வாய் திறந்து பேசிய பாடம் எது என்று கேளுங்கள். உடனே ஒரு பாடத்தின் பெயர் வந்தால், அந்த ஆசிரியர் எந்தத் துறை என்றும் கேட்டு வையுங்கள்.

நம் வாசகர்களில் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் பாலிடெக்னிக் ஆசிரியர்களும் நிறைய இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் வகுப்பில் கேட்டு, பிள்ளைகளை மோதவிட்ட ஒரே ஒரு கேள்வியை எழுதி அனுப்புங்கள். சரியான விடையை விளக்கி எழுத வேண்டாம். பிள்ளைகள் சொன்ன தப்பான விடைகளையும், அதற்கு அவர்கள் காட்டிய நியாயத்தையும் அவர்கள் பேசிய மாதிரியே எழுதுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்